கதாநாயகனை விட்டுவிட்டு சட்டத்தை எடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் ஆறு பேர் வாரம் ஒருமுறை கூடி, ஆளுக்கொரு பாத்திரமாகி மேசையைச் சுற்றிக் கதை வளர்க்கும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். கதையை நடத்தும் டஞ்சன் மாஸ்டர் பொறுப்பு என்னுடையது. அடுத்த கேம்பெய்னை, அதாவது பல வாரங்கள் தொடரும் கதையை, ஊரைவிட்டு ஓடிய இரட்டை வாள் வீரன் டிரிட்ஸ்டைப் பற்றி ஆர்.ஏ. சால்வடோர் எழுதிய நாவல்களை வைத்து அமைக்க ஆசை. ஆனால் குழுவில் இரண்டு பேர் அவற்றை முழுக்கப் படித்தவர்கள். முடிவு தெரிந்த கதையில் நாங்கள் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். மூன்றாவது நண்பரோ, ஆட்டத்தை விற்பதற்காக எழுதப்பட்ட இந்த நாவல்களில் எடுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மூன்றாமவரிடமிருந்தே தொடங்குகிறேன். விற்பதற்காக எழுதப்பட்டவை என்பது உண்மைதான். பல நாவல்கள் அவசரத்தில் எழுதப்பட்டவை என்பது படிக்கும்போதே தெரியும். ஆனால் நல்ல இலக்கியம் வேறு, ஆட்டத்துக்கு நல்ல சரக்கு வேறு. மகத்தான நாவல் ஒன்றை மேசைக்குக் கொண்டுவந்து பாருங்கள், கையில் ஒன்றும் ஒட்டாது. அதன் உயிர் ஒரே ஒரு மனிதனின் மனத்துக்குள் இருக்கும். இந்த வகை நாவலாசிரியரோ வரைபடத்தையும் விதிநூலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறார். எந்த நகரத்தை யார் ஆள்கிறார்கள், யாருக்கு யார் பகை என்பதெல்லாம் வெளிப்படையாகவே கிடக்கும்.

உங்கள் மற்ற இரு நண்பர்களின் பயம்தான் நியாயமானது. அதற்குப் பழைய வரலாறு உண்டு. 1984-இல் டிராகன்லான்ஸ் என்ற ஆட்ட உலகம் வெளிவந்தபோது, நாவலும் ஆட்டத்துக்கான சாகசத் தொகுப்புகளும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன. முதல் சோதனை ஆட்டத்தில் ரெய்ஸ்ட்லின் என்ற மாயாவியாக ஆடியவர் கரகரத்த கிசுகிசுப்பில் பேசினார். அந்தக் குரல் அப்படியே நாவலுக்குள் போனது. மேசையிலிருந்து புத்தகத்துக்குப் போன வழி அழகானது. திரும்பி வந்த வழியில்தான் சிக்கல். பின்னால் கதைக்குத் தேவைப்படும் பாத்திரம் நடுவில் செத்துவிட்டால், அந்தச் சாவை யாரும் உறுதியாகப் பார்க்காதபடி மழுப்பி வையுங்கள், பிறகு திரும்பக் கொண்டுவரலாம் என்று அந்தத் தொகுப்புகளிலேயே ஒரு விதி இருந்தது. இது தெரிந்த பிறகு யாருக்குப் பகடையை உருட்ட மனம் வரும்?

டார்க் சன் கதை இன்னும் மோசம். 1991-இல் வந்த அந்தப் பாலைவன உலகத்தில், டைர் நகரத்தை ஆளும் கொடுங்கோலன் கலாக் அரியணையில் உட்கார்ந்திருக்கிறான். அவனை வீழ்த்துவதுதான் எந்தக் குழுவுக்கும் முதலில் தோன்றும் கனவு. அதே ஆண்டு வந்த முதல் நாவலிலேயே அவனைக் கொன்றுவிட்டார்கள். 1995-இல் திருத்திய பதிப்பு வந்தபோது ஐந்து நாவல்களில் நடந்ததெல்லாம் அதிகாரபூர்வ வரலாறாகிவிட்டது. ஆட்டக்காரர்களுக்கு மிஞ்சியது மற்றவர்கள் சாப்பிட்டுப்போன இலை. 2004-இல் வந்த எபெரான் என்ற ஆட்ட உலகம் இதற்கு மாற்று வழி கண்டது. அங்கே ஆட்டத்தின் காலம் அந்த உலகக் கணக்கில் 998-ஆம் ஆண்டில் நிற்கிறது. எத்தனை நாவல் வந்தாலும் அந்த ஆண்டு நகர்வதில்லை. உங்கள் மேசையிலும் அதைத்தான் செய்யச் சொல்வேன். நாவல் தொடங்குவதற்கு முந்தைய நாளில் ஆட்டத்தைத் தொடங்குங்கள். அதற்குப் பிறகு புத்தகத்தில் நடந்த எதுவும் இங்கே இன்னும் நடக்கவில்லை என்று முதல் மாலையே சொல்லிவிடுங்கள்.

சரி, அப்படியானால் நாவலிலிருந்து எதை எடுப்பது? டிரிட்ஸ்ட் நாவல்களில் 1990-இல் வந்த 'ஹோம்லேண்ட்'டையே பார்ப்போம். மென்சோபெரான்சன் என்ற நிலத்தடி நகரத்தில் டிரிட்ஸ்டின் இனமான, ட்ரௌ என்னும் கரிய எல்ஃப்களின் குலங்களுக்குள் ஓயாத போர். அங்கே ஒரு விசித்திரமான நீதி உண்டு. ஒரு குலம் இன்னொன்றை இரவோடு இரவாகத் தாக்கி, அதன் உயர்குடியினரில் ஒருவர் மிச்சமில்லாமல் அழித்துவிட்டால் அது குற்றமே இல்லை. அப்படி ஒரு குலம் இருந்ததாகவே யாரும் பேசமாட்டார்கள். ஒரே ஒருவர் தப்பிப் பிழைத்துக் குற்றம் சாட்டினாலோ, தாக்கிய குலத்தையே நகரம் அழித்துவிடும்.

டிரிட்ஸ்டை மறந்துவிட்டு இந்தச் சட்டத்தை மட்டும் மேசையில் வையுங்கள். முதல் செஷனில் உங்கள் ஐவர் கையில் ஒரு சிறுமி கிடைக்கிறாள். நேற்றிரவு அழிந்த குலத்தின் கடைசி மகள். தாக்கியவர்கள் அவளைத் தேடுகிறார்கள். ஆளும் சபையில் இருக்கும் எட்டுக் குலங்களில் சிலவற்றுக்கு அவள் உயிரோடு வேண்டும், சிலவற்றுக்கு வேண்டாம். அவளை ஒப்படைக்கலாம், விற்கலாம், ஒளித்து வைக்கலாம், சபைக்கு அழைத்துப் போகலாம். அடுத்த செஷனுக்கு நீங்கள் கதை யோசிக்க வேண்டியதில்லை, அவர்கள் எடுக்கும் முடிவே அதை எழுதிவிடும். கெடு வேண்டுமா, நகரத்துக்கு நடுவில் நார்பாண்டெல் தூண் இருக்கிறது. தலைமை மாயாவி அதன் அடியில் மூட்டும் வெப்பம் மெல்ல மேலேறுவதுதான் அங்கே கடிகாரம். வெப்பம் உச்சிக்கு வருவதற்குள் என்று சொல்லிப் பாருங்கள்.

படித்த அந்த இருவரும் இப்போது தொல்லை இல்லை, பலம். சட்டம் அவர்களுக்கு முன்பே தெரியும், அந்த ஊரில் பிறந்தவர்களுக்குத் தெரிவதுபோல. மற்றவர்களுக்கு அவர்களே விளக்குவார்கள், நீங்கள் மூச்சுவாங்கப் பிரசங்கம் செய்ய வேண்டாம். "நாவலில் அப்படி இல்லையே" என்று இடையில் குறுக்கிட்டால், ஆட்டம் கெடாத இடமென்றால் ஒப்புக்கொண்டு போங்கள். கெடுமென்றால் அது அவர்களுடைய பாத்திரம் ஊரில் கேள்விப்பட்ட செய்தி, அவ்வளவுதான்.

டிரிட்ஸ்டை மட்டும் மேசைக்கு அழைத்து வராதீர்கள். அவன் ஐவரையும்விட நன்றாகச் சண்டை போட்டால் அவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். மோசமாகப் போட்டால் படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். உண்மையில் அவன் ஒரு கெட்டவன் என்று திருப்பம் வைப்பதும் மலிவான வேலை. குழுவில் யாராவது இரட்டை வாளோடு ஊரைவிட்டு ஓடிவந்த ட்ரௌவாக ஆட ஆசைப்பட்டால் ஆடட்டும். எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார், தடுத்துப் பயனில்லை.

தீர்க்கதரிசனங்களையும் விட்டுவிடுங்கள். நாவலில் அவை பலித்தே ஆக வேண்டும். தேவையென்றால் 1983-இல் வந்த 'ரேவன்லாஃப்ட்' சாகசம் செய்ததைச் செய்யுங்கள்: அங்கே சீட்டுக்கட்டு பார்த்துக் குறி சொல்கிறார்கள், ரத்தக்காட்டேரி ஸ்ட்ராடைக் கொல்ல உதவும் ஆயுதம் கோட்டையில் எங்கே இருக்கிறது என்பதை விழும் சீட்டு தீர்மானிக்கிறது. ஒவ்வொரு முறை ஆடும்போதும் குறி வேறு.

கடைசியாக, 'ஹோம்லேண்ட்'டைத் திரும்பப் படிக்கும்போது ஆல்டன் டெவிர் வரும் பகுதிகளில் நில்லுங்கள். அழிந்த குலத்தில் தப்பியவன் அவன். தன் முகத்தைத் தானே சிதைத்துக்கொண்டு, செத்துப்போன ஓர் ஆசானின் இடத்தில் அகாதமியில் ஒளிந்து வாழ்கிறான். குற்றம் சாட்ட வேண்டும், ஆனால் தன் குலத்தை அழித்தது யாரென்றே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் தேடுகிறான். சால்வடோருக்கு அது கிளைக்கதைதான், அவர் கண் டிரிட்ஸ்ட் மேல் இருந்தது. உங்கள் ஐவரில் ஒருவர் அந்த ஆசானின் மாணவனாக இருந்து, ஒருநாள் அவருடைய கையெழுத்து மாறியிருப்பதைக் கவனித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.