வான்கோ வேண்டாம் டீச்சர், மத்தீஸைப் பிடிங்க

களுவாஞ்சிக்குடி முன்பள்ளியில நாலு வயசுப் பிள்ளைகள் ஓவியர் வான்கோவின் இரவு வானத்தைத் தீட்டப்போய் எல்லாத் தாளும் சேறாகிட்டு, கண்காட்சிக்கு ரெண்டு கிழமைதான் இருக்கு எண்டு எழுதியிருந்தீங்க. நீலம் காயமுதல் மஞ்சள், அதுக்கு மேல செம்மஞ்சள் எண்டால் சேறுதான் வரும். காயும்வரை பொறு எண்டால் எந்தப் பிள்ளை பொறுக்கும்?

பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1941இல் நடந்த பெரிய சத்திரசிகிச்சைக்குப் பிறகு, நெடுநேரம் நின்று தீட்ட ஏலாமல், தாளை வெட்டியே படம் செய்யத் தொடங்கினவர். 1930இல் பசிபிக் தீவான தாஹிட்டியின் கடலேரியில் பார்த்த மீன், பவளம், பாசி, பறவைகளை 1946இல் வெள்ளைத் தாளில் வெட்டி, பாரிஸ் வீட்டுச் சுவரில் குத்தி வைத்தார். உங்கட பிள்ளைகளுக்கு வாவி பக்கத்திலேயே கிடக்கு.

கொப்பிக்கு உறை போடுற பிறவுண் பேப்பரைச் சுவரளவுக்கு ஒட்டுங்க. வெள்ளைத் தாளில் மீன், இறால், கண்டல் இலை, கொக்கு வெட்டட்டும். பென்சிலால் கீறிக் கொடுக்காதீங்க. பிள்ளைக்குக் கோடுதான் தெரியும், மீன் தெரியாது. கத்தரிக்கோல் பிடிச்ச கையின் பெருவிரல் மேல்பக்கம் இருக்கட்டும், மற்றக் கை தாளைத் திருப்பட்டும். ஏலாத பிள்ளை கையால் கிழிக்கலாம். பாசிக்குக் கிழிந்த விளிம்புதான் அழகு.

கம் போத்தலைக் கடைசிவரை ஒளிச்சு வைங்க. முதல்ல சும்மா வைத்து, இடம் மாத்திப் பார்க்கட்டும். மத்தீஸும் ஊசி குத்தி அப்பிடித்தான் மாத்தினவர். பெற்றோர் வருவாங்க எண்டு இரவிருந்து விளிம்புகளைத் திருத்தாதீங்க. வாலில்லாத மீனையும் அப்பிடியே ஒட்டுங்க.