மஞ்சள் புள்ளியை மட்டும் நம்பலாமா? வயல் சில்வண்டின் சிற்றினத்தை உறுதிசெய்தல்

கேள்வி: இரவில் விளக்கடியில் பிடித்த கறுப்பு வயல் சில்வண்டின் முன்னிறகு அடியில் இரண்டு மஞ்சள் புள்ளிகள் உள்ளன. கைபேசிச் செயலி ‘கிரில்லஸ் பைமாகுலேட்டஸ்’ என்கிறது. அதையே ஆய்வேட்டில் எழுதலாமா? பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது.

பதில்: உயிரோடு இருப்பது நல்லதாயிற்று. உடனே கொன்றுவிடாதீர்கள், பெயரையும் இப்போதே எழுத வேண்டாம்.

டி கீர் 1773இல் விவரித்த பைமாகுலேட்டஸாக அது இருக்கலாம். ஆனால் லின்னேயஸ் 1758இல் விவரித்த கிரில்லஸ் கேம்பெஸ்ட்ரிஸுக்கும் முன்னிறகின் அடிப்பகுதி மஞ்சள்தான். கேம்பெஸ்ட்ரிஸின் தலை பருத்து, தலைக்குப் பின்னுள்ள முன்மார்புக் கவசத்தைவிட அகன்றிருக்கும், பின்னிறகுகள் குட்டை. பைமாகுலேட்டஸுக்குப் பின்னிறகுகள் முன்னிறகைத் தாண்டி வால்போல் நீண்டிருக்கும். ஆனால் சில்வண்டுகள் பின்னிறகை உதிர்த்துவிடுவதுண்டு, அதனால் நீளமான இறகு இல்லாததை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். இறகு மொட்டுகளாகவே இருந்தால் அது இளம்பூச்சி. கடைசித் தோலுரிப்பு வரை காத்திருங்கள்.

உருவத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தப் பேரினமே சாட்சி. 1915இல் பூச்சியியலாளர்கள் ரென், ஹெபார்ட் இருவரும் அமெரிக்கக் கண்டங்களின் கிரில்லஸ் முழுவதையும் ‘அசிமிலிஸ்’ என்ற ஒரே சிற்றினத்தில் அடக்கினார்கள். 1952இல் ஃபுல்டன், வட கரோலினா மாநிலத்தில் மட்டுமே நான்கு தனி வகைகள் இருப்பதைப் பாடலையும் வாழ்க்கைச் சுழற்சியையும் கொண்டு காட்டினார். வட அமெரிக்க வயல் சில்வண்டுகளில் வசந்தத்தில் முதிர்வதும் இலையுதிர் காலத்தில் முதிர்வதும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றே. ஒன்று இளம்பூச்சியாகக் குளிர்காலத்தைக் கழிக்கிறது, மற்றது முட்டையாக.

ஆகவே ஆணாக இருந்தால் முதலில் பாடலைப் பதிவுசெய்யுங்கள். ஒலி அமுக்கப்படாத வேவ் கோப்பு, 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதம், தொடர்ந்து ஓரிரு நிமிடங்கள். கைபேசியானால் இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிடுங்கள். சில்வண்டின் சீரான ஒலியையே அது இரைச்சலாக நினைத்து வெட்டிவிடும். பூச்சிக்குப் பக்கத்தில் வெப்பமானியை வைத்து, பதிவின்போது இருந்த வெப்பநிலையைக் குறியுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். வெப்பம் ஏறினால் பாடலின் துடிப்பு வேகமும் ஏறும். ஆகவே 20 டிகிரியில் எடுத்த பதிவை 28 டிகிரியில் எடுத்ததோடு நேரடியாக ஒப்பிட்டால், ஒரே சிற்றினம் இரண்டாகத் தெரியும். பூச்சி வாழும் இடத்திலேயே எடுத்த பதிவு இன்னும் நல்லது. பெட்டிக்குள் இன்னொரு ஆண் இருந்தால் அழைப்புப் பாடலுக்குப் பதில் சண்டைப் பாடல் பதிவாகும்.

பதிவு முடிந்த பிறகு ஓர் இரவு உறைபெட்டியில் வைத்துக் கொல்லுங்கள். ஒரு பின்காலைத் தனியே கழற்றி 95 சதவீத எத்தனாலில் போட்டுவிடுங்கள், மரபணு ஆய்வுக்கு அது போதும். ஃபார்மலின் பக்கம் போகவே வேண்டாம், டி.என்.ஏ. கெட்டுவிடும். பெரிய பூச்சியானதால் வயிற்றின் அடிப்பக்கம் சிறிதாகக் கீறிக் குடலை எடுக்காவிட்டால் அழுகிக் கறுத்துப்போகும். ஊசியை முன்மார்புக் கவசத்தின் வலப்பின் பகுதியில் குத்துங்கள். ஒலி எழுப்பும் அரம் வலது முன்னிறகின் அடிப்புறத்தில் இருக்கிறது. உலருமுன் அந்த இறகைக் கழற்றி, அடிப்புறம் மேலே தெரியும்படி அட்டையில் ஒட்டினால் நுண்ணோக்கியில் பற்களை எண்ணலாம். சீட்டில் இடம், தேதி, பிடித்தவர், ஒலிப்பதிவு எண் நான்கும் வேண்டும்.

சிற்றினத்தை அடையாளம் காண உதவும் மைட்டோகாண்ட்ரியா மரபணுத் துண்டான சி.ஓ.1 பார்கோடு (சுமார் 658 கார இணைகள்) நல்ல துணை, ஆனால் தனி நீதிபதியல்ல. சில்வண்டுகளும் அடங்கிய வெட்டுக்கிளி வரிசையில் மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் போலிப் படிகள் உட்கருவில் ஏராளம். டி.என்.ஏ.வைப் படியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். முறை அவற்றையும் பெருக்கிவிடும். தொடரின் நடுவில், புரதம் உருவாவதை நிறுத்தும் ‘நிறுத்தக் குறியன்கள்’ தெரிந்தால் அது போலிப் படியாக இருக்கலாம், அந்தத் தரவை ஒதுக்குங்கள்.

பெண் மட்டுமே கிடைத்திருந்தால் பாடலும் இல்லை, அரமும் இல்லை. முட்டையிடு குழலின் நீளத்தையும் பின்தொடையின் நீளத்தையும் அளந்து குறித்துவிட்டு, அதே இடத்தில் ஆண் கிடைக்கும் வரை ‘கிரில்லஸ், சிற்றினம் உறுதியாகவில்லை’ என்று எழுதுங்கள். எந்தத் தேர்வாளரும் அதற்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது.