வாசகர் கேள்வி-பதில்: வில் வீடு திரும்பிய பிறகு

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. 2017 அக்டோபர் 27, வெள்ளிக்கிழமை, நெட்ஃபிளிக்ஸில் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் இரண்டாம் சீசனின் ஒன்பது எபிசோடும் மொத்தமாக வந்தன. பின்னாலேயே சென்னையில் மழை பிடித்துக்கொண்டது, பள்ளிகளுக்கு லீவு விட்டார்கள், வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் பார்த்து முடித்துவிட்டு எழுதித் தள்ளியிருக்கிறீர்கள். நல்லது, இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே விட்டுவிடுகிறேன்.

முதல் சீசன் பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம்: 1983 நவம்பர். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஹாக்கின்ஸ் என்ற கற்பனை ஊர். வில் என்ற பையன் காணாமல் போகிறான். அவன் அம்மா ஜாய்ஸ், போலீஸ் தலைவர் ஹாப்பர், மைக், டஸ்டின், லூகாஸ் என்ற மூன்று நண்பர்கள், ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பி வந்த, மனசாலேயே பொருட்களை நகர்த்துகிற லெவன் என்ற சிறுமி, எல்லோருமாக அவனை நம் உலகத்தின் இருண்ட பிரதி போன்ற ஒரு தலைகீழ் உலகத்திலிருந்து மீட்கிறார்கள். இனி வரும் பதில்களில் இரண்டாம் சீசன் கதை நிறையவே வெளிப்படும். பார்த்துவிட்டு வர நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெரம்பூர் வாசகர்: முதல் சீசனை ஒரே ராத்திரியில் முடித்தேன் சார். இரண்டாவதில் முதல் மூன்று எபிசோட் நகரவே இல்லை. என் நண்பர்களும் இதையேதான் சொல்கிறார்கள். இழுத்துவிட்டார்கள், இல்லையா?

மெதுவாகப் போகிறது, சரி. இழுவை என்று சொல்ல மாட்டேன். முதல் சீசனில் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே பையன் காணாமல் போய்விடுகிறான், அப்புறம் முழுக்கத் தேடல், அதனால் ஓட்டம் தானாக வந்தது. இரண்டாவதில் போனவன் திரும்பி வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. பள்ளியில் அவனை ‘ஜாம்பி பையன்’ என்கிறார்கள். ஜாய்ஸ் அவனைக் கண் பார்வையிலிருந்து விடுவதே இல்லை. ஒரு கொடுமை நடந்து வருஷம் திரும்பும் சமயத்தில் பழைய பயமெல்லாம் மறுபடி கிளம்பும், போருக்குப் போய்வந்த சிப்பாய்களுக்கும் இப்படித்தான் என்று ஆய்வுக்கூடத்து டாக்டர் ஓவன்ஸ் அவளுக்கு விளக்குகிறாரே, அந்தக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். இந்த சீசன் எதைப் பற்றியது என்பது அங்கேயே இருக்கிறது.

பேய்க்கதையில் பேய் ஓடியதும் கதை முடிந்துவிடும், தப்பித்தவர்கள் மறுநாள் எப்படி எழுந்தார்கள், எப்படிப் பள்ளிக்குப் போனார்கள் என்று யாரும் காட்டுவதில்லை. இவர்கள் அந்த மறுநாளைக் காட்ட ஒரு சீசனையே கொடுத்திருக்கிறார்கள். மைக் ஒவ்வொரு ராத்திரியும் வாக்கி டாக்கியில் லெவனைக் கூப்பிடுகிறான், அவள் உயிரோடு இருப்பது கூட அவனுக்குத் தெரியாது, அவளோ ஹாப்பரின் காட்டு வீட்டில் உட்கார்ந்து அவன் குரலைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், பதில் பேசக் கூடாது. 353 நாள். அதை அவசரமாகக் காட்டியிருந்தால் கடைசியில் அவர்கள் சந்திக்கும்போது நமக்கு அப்படித் தொண்டை அடைத்திருக்காது. ஒன்று ஒப்புக்கொள்கிறேன்: குப்பைத் தொட்டியில் கிடைத்த குட்டி ஜந்துவை டஸ்டின் ஒளித்து வளர்க்கும் பகுதி நீளம்தான். அது என்னவாக வளரும் என்று நம்மில் முக்கால்வாசிப் பேர் முதலிலேயே ஊகித்துவிட்டோம்.

வேளச்சேரி வாசகி: ஏழாவது எபிசோடைத் தாண்டிப் போய்விடு என்று ஆபீஸில் எல்லோரும் சொன்னார்கள். தாண்டிவிட்டேன். ஏதாவது தவறவிட்டேனா?

ஆமாம், போய்ப் பாருங்கள். இந்த சீசனில் அதிகமாகத் திட்டு வாங்கிய எபிசோட் அதுதான், கோபத்துக்குக் காரணமும் உண்டு. ஆறாவது எபிசோட் ஆய்வுக்கூடத்தில் தலைகீழ் உலகத்து ஜந்துக்கள் சுரங்கத்திலிருந்து ஏறி வரும் இடத்தில் முடிகிறது, நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்ததைப் போட்டால் ஹாக்கின்ஸே இல்லை, லெவன் மட்டும் பஸ் ஏறி சிகாகோ போயிருக்கிறாள். ஆய்வுக்கூடத்தில் தன்னைப்போலவே எண் கொடுத்து வளர்க்கப்பட்ட காளி என்ற பெண்ணை அங்கே பார்க்கிறாள். காளியோடு இருக்கும் கும்பல் வெறும் தலைமுடி அலங்காரமும் கத்தலுமாகவே நிற்கிறது, ஒருவர் பெயர் கூட மனதில் தங்கவில்லை. இந்த எபிசோட் ஐந்தாவதோடு, அவள் தன் அம்மாவைக் கண்டுபிடிக்கும் இடத்தோடு ஒட்டி வந்திருந்தால் இவ்வளவு எதிர்ப்பு வந்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் இதில் ஒரு இடம் இருக்கிறது. தன் அம்மாவைச் சுயநினைவில்லாத நிலைக்குக் கொண்டுவந்த ஆட்களில் ஒருவனை லெவன் கழுத்தை நெரிக்கிறாள், அப்போது அவனுடைய மகள்களின் படம் கண்ணில் பட்டு விட்டுவிடுகிறாள். காளி சுடப் போகும்போது அதையும் தடுக்கிறாள். சக்தி அவளிடம் முதல் சீசனிலிருந்தே இருக்கிறது, அதை எதற்குப் பயன்படுத்த மாட்டேன் என்று அவளாகவே முடிவு செய்வது இங்கேதான். இதைப் பார்க்காமல் ஒன்பதாவது எபிசோடுக்குப் போனால், திரும்பி வரும் லெவன் உடை மாற்றிக்கொண்டு வந்ததாக மட்டும்தான் தெரியும்.

நுங்கம்பாக்கம் கல்லூரி மாணவி: எங்கள் ஹாஸ்டலில் எல்லோரும் ஸ்டீவ் பக்கம் சாய்ந்துவிட்டோம். நீங்கள்?

நானும். முதல் சீசனில் பாதி வரை எரிச்சலூட்டிய பையன், இங்கே காதலில் தோற்று, ஆணி அடித்த பேஸ்பால் மட்டையோடு நாலு பொடியன்களுக்குக் காவல் நிற்கிறான். தண்டவாளத்தில் நடந்துகொண்டே டஸ்டினுக்குத் தலைமுடி ரகசியம் சொல்லும் இடம் இந்த சீசனின் மிக இதமான சில நிமிடங்கள்.

அண்ணா நகர் வாசகி: பார்புக்கு நியாயம் கிடைத்ததா?

கிடைத்தது என்றே நினைக்கிறேன். முதல் சீசனில் மைக்கின் அக்கா நான்சியின் தோழி பார்ப் செத்துப்போனாள், கதை அவளை அப்படியே விட்டுவிட்டு வில்லைத் தேடப் போய்விட்டது. பார்வையாளர்கள் விடவில்லை, ‘பார்புக்கு நீதி வேண்டும்’ என்று ஒரு வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், அந்தச் சின்ன வேடத்துக்காக ஷானன் பர்சருக்கு 2017 எம்மி விருதுப் பரிந்துரையும் வந்தது.

இரண்டாம் சீசன் முதல் எபிசோடிலேயே நான்சியும் அவள் காதலன் ஸ்டீவும் பார்பின் அப்பா அம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போகிறார்கள். மகள் எங்கேயோ உயிரோடு இருக்கிறாள் என்று நம்பும் அந்த இருவரும், அவளைத் தேட ஒரு துப்பறிவாளரை வைத்திருப்பதையும் அந்தச் செலவுக்காக வீட்டையே விற்கப் போவதையும் சந்தோஷமாகச் சொல்கிறார்கள். உண்மை தெரிந்த நான்சி எழுந்து பாத்ரூமுக்குப் போய் அழுகிறாள். ராட்சசன் வரும் எந்தக் காட்சியும் என்னை அந்த அளவுக்குப் பிசையவில்லை.

அப்புறம், நான்சியும் வில்லின் அண்ணன் ஜொனாதனும் உண்மையை எப்படி வெளியே கொண்டுவருகிறார்கள் என்று கவனித்தீர்களா? தலைகீழ் உலகம், ஜந்து என்றால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால், ஆய்வுக்கூடத்திலிருந்து விஷ ரசாயனம் கசிந்து அந்தப் பெண் செத்துப்போனாள் என்று கதையை மாற்றிச் சொல்கிறார்கள், ஆய்வுக்கூடத்தை மூடுகிறார்கள். தொடரில் இந்த மாற்றுக் கதை உருவாவது 1984 நவம்பரில். நிஜத்தில் அதற்கு அடுத்த மாதமே, டிசம்பர் 2 இரவு, போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். தொடரை எடுத்தவர்கள் அதை நினைத்து எழுதியிருக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே உட்கார்ந்து பார்க்கும் நமக்கு, ஒரு கசிவு, ஒரு மூடிமறைப்பு, பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் என்றால் மனசு வேறு எங்கே போகும்?

மயிலாப்பூர் வாசகர்: 1984-இல் நான் எட்டாம் வகுப்பு. ஹாலோவீன் தெரியாது, வீடியோ கேம் கடை தெரியாது. ஆனால் இதைப் பார்க்கும்போது என் பழைய நாட்கள் வந்து நிற்கின்றன. ஏன் என்று என் மகன் கேட்கிறான், சொல்லத் தெரியவில்லை.

இந்தக் கேள்விக்கு நன்றி சார். மகனிடம் சொல்லுங்கள், பொருட்கள் வேறு என்றாலும் பிள்ளைகளுக்கு இருந்த சுதந்திரம் ஒன்றுதான். நீங்களும் சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருப்பீர்கள், சொந்தமாக இல்லாதவர்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்திருப்பார்கள், இருட்டுவதற்குள் வந்தால் போதும், நடுவில் எங்கே போனாய் என்று கேட்க வீட்டில் யாரிடமும் வழி கிடையாது. அந்த ஹாக்கின்ஸ் பிள்ளைகளும் அப்படித்தான். இன்றைக்கு அந்த நாலு பேர் கையிலும் மொபைல் இருந்தால் இந்தக் கதையே நகராது. டிவியிலும் தூர்தர்ஷன் ஒன்றுதான், வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்கத் தெருவே ஒரு வீட்டில் கூடும்.

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டாவது எபிசோட் நடக்கும் நாள் எது தெரியுமா? 1984 அக்டோபர் 31, ஹாலோவீன் நாள். ஹாக்கின்ஸில் பிள்ளைகள் பேய் பிடிப்பவர்கள் வேஷம் போட்டுக்கொண்டு மிட்டாய் வாங்கப் போகிறார்கள். அதே நாளில்தான் டெல்லியில் இந்திரா காந்தி சுடப்பட்டார். இங்கே மெட்ராஸில் எம்.ஜி.ஆர். அதற்கு முன்பே உடல்நலமில்லாமல் அப்போலோவில் சேர்க்கப்பட்டிருந்தார், நவம்பர் 5 அன்று அமெரிக்காவுக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். பெரியவர்கள் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ள, பிள்ளைகளுக்கு முழுதாக எதுவும் சொல்லப்படாத வாரங்கள் அவை. பெரியவர்கள் எதையோ மறைக்கிறார்கள், பெரிதாக ஏதோ நடந்துவிட்டது, என்னவென்று நாமே கண்டுபிடிக்க வேண்டும் என்ற அந்த உணர்வுதான் இந்தத் தொடரின் ஒவ்வொரு எபிசோடிலும் ஓடுகிறது. எட்டாம் வகுப்பில் இருந்த உங்களுக்கு அது நன்றாகவே தெரிந்திருக்கும்.

தாம்பரம் வாசகர்: பழைய நினைவு, அமானுஷ்யம், இரண்டாம் பாகம் என்று இவர்கள் செய்வதை நம் ஊர் டிவி தொடர் ‘மர்மதேசம்’ எப்போதோ செய்துவிட்டதே?

செய்தது. அதன் முதல் கதை ‘ரகசியம்’ முடிந்து ‘விடாது கருப்பு’ வந்தபோது தெருவில் நடமாட்டமே குறைந்தது பலருக்கு நினைவிருக்கும். ஆனால் வித்தியாசம் ஒன்று உண்டு. ‘விடாது கருப்பு’ புது ஊர், புது மனிதர்கள், புது மர்மம், சாமியா மனிதனா என்ற புதுக் கேள்வி என்று முதலிலிருந்து தொடங்கியது. பழைய சுமை எதுவும் இல்லாததால்தான் அது முதல் கதையைத் தாண்டிப் போக முடிந்தது. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ அதே மனிதர்களை அதே ஊரில் வைத்துக்கொண்டு மறுபடி பயமுறுத்த வேண்டும், அது இன்னும் கஷ்டம். அதனால்தான் முதல் சீசனில் இருந்த புதுமை இதில் இல்லை என்று பலர் சொல்வது உண்மையாகவே இருக்கிறது. புதுமைக்குப் பதிலாக நமக்குக் கிடைத்தது இந்த மனிதர்களோடு நெருக்கம். எனக்கு அது போதும். உங்களுக்குப் போதாது என்றால் அதிலும் தப்பில்லை.

போரூர் வாசகி: பாபை ஏன் கொன்றார்கள்? என்னால் தாங்கவே முடியவில்லை.

பலரும் கேட்ட கேள்வி இது. ஜாய்ஸின் நண்பர், ரேடியோ கடை நடத்துகிற, யாருக்கும் ஒரு கெடுதலும் நினைக்காத மனிதர். நடித்த ஷான் ஆஸ்டின் 1985-இல் வந்த ஒரு புதையல் வேட்டைப் படத்தில் சிறுவனாக வந்தவர், அந்தத் தலைமுறைக்கு அவர் முகமே ஒரு பழைய நினைவு.

வில்லிடம் அவர் சொன்ன அறிவுரையை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். சின்ன வயதில் கனவில் வந்த கோமாளியிடம் ‘போய்விடு’ என்று எதிர்த்து நின்றேன், அதோடு வரவில்லை, நீயும் நில் என்கிறார். அன்பாகச் சொன்ன நல்ல வார்த்தை. வில் அதை நம்பி, தன்னைத் துரத்தும் ராட்சச நிழலின் முன்னால் ஓடாமல் நிற்கிறான், அது அவனுக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. என்ன நடக்கிறது என்று பாபிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை, தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாரா? பிறகு எட்டாவது எபிசோடில் பூட்டிய ஆய்வுக்கூடத்தின் கதவுகளைத் திறக்க அங்கே பேஸிக் என்ற கணினி மொழி தெரிந்தவர் அவர் ஒருவர்தான், போகிறார், எல்லோரையும் வெளியே அனுப்புகிறார், வாசலுக்குச் சில அடி முன்னால் பிடிபடுகிறார். வருத்தம் எனக்கும் இருக்கிறது, ஆனால் காரணமில்லாமல் கொன்றதாக நினைக்கவில்லை.

கே.கே. நகர் வாசகி: மேக்ஸ் தேவையா? லெவன் ஒருத்தி போதாதா?

இந்த சீசனில் புதிதாக வந்த மேக்ஸ் தேவை. அவளை லெவனோடு மோதவிட்டதுதான் தேவையில்லாதது. ஜிம்மில் மைக்கோடு பேசிக்கொண்டிருப்பவளை லெவன் ஒளிந்திருந்து ஸ்கேட்போர்டிலிருந்து கீழே தள்ளுகிறாளே, ஒருவரோடு ஒருவர் பேசிக்கூடப் பார்க்காத இரண்டு சிறுமிகளுக்கு நடுவே பொறாமை ஒன்றைத்தான் வைக்கத் தோன்றியதா என்று கோபம் வந்தது. கடைசியில் கூட மேக்ஸ் நீட்டும் கையை அவள் பார்க்காமல் போகிறாள். வீட்டில் பில்லி போன்ற அண்ணனை வைத்துக்கொண்டு, லூகாஸோடு பேசாதே என்று அவன் மிரட்டியும் பேசுகிற பெண் மேக்ஸ். அந்த இருவரும் தோழிகளாக வரும் நாளுக்குக் காத்திருக்கிறேன்.

கொளத்தூர் வாசகி: பத்து வயது மகன் நச்சரிக்கிறான். காட்டலாமா?

தனியாக விடாதீர்கள், ராத்திரியிலும் வேண்டாம். டஸ்டின் வீட்டுப் பூனைக்கு நடப்பது, பாபின் மரணம், ஒன்பதாவது எபிசோடில் வில்லுக்குள் புகுந்த நிழலை விரட்ட அவனைக் கட்டிப்போட்டுச் சூட்டில் வைக்கும்போது அவன் அலறுவது, இந்த மூன்றும் பத்து வயதுக்கு அதிகம். கெட்ட வார்த்தைகளும் நிறைய. முதல் சீசன் முதல் இரண்டு எபிசோடை அவனோடு பகலில் உட்கார்ந்து பாருங்கள், தூக்கத்தில் புரண்டால் அங்கேயே நிறுத்திவிட்டு இரண்டு வருஷம் கழித்துத் தொடருங்கள், தொடர் எங்கேயும் ஓடிவிடாது.