பொழுதுபோக்கே பாரமாகிவிட்டது: எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 48. வீட்டிலிருந்தபடியே பகுதிநேரமாகக் கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். கணவர், கல்லூரியில் படிக்கும் மகள், நான் என மூவர் கொண்ட குடும்பம். பணத்திலோ உடல்நலத்திலோ சொல்லிக்கொள்ளும்படியான குறை எதுவும் இல்லை. ஆகவே நான் எழுதப்போகும் விஷயம் உங்களுக்குச் சிரிப்பை வரவழைக்கக்கூடும். எனக்கோ அது சில மாதங்களாகத் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

எனக்கு நான்கு பொழுதுபோக்குகள் உண்டு. கம்பளி நூலில் பின்னுவது பள்ளிப் பருவத்திலிருந்தே பழக்கம். துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பது, மகள் வளர்ந்து கையில் நேரம் மிஞ்சத் தொடங்கியபோது ஒட்டிக்கொண்டது. தோட்டம் எப்போதும் இருந்தது. கடைசியாக, ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்வந்து, தேனீப் பெட்டி ஒன்றை வாங்கித் தோட்டத்தின் ஓரத்தில் வைத்தேன். தனித்தனியாகப் பார்த்தால் நான்கும் எனக்குப் பிடித்தவை. சேர்ந்து வரும்போதோ நான்கு கடன்காரர்கள் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நிற்பதுபோல் இருக்கிறது.

பின்னல் ஊசியைக் கையில் எடுத்தால், நாற்றுத் தட்டில் இடம் போதாமல் வேர் சுருண்டுகொண்டிருக்கும் செடிகள் நினைவுக்கு வருகின்றன. நாற்றை நட உட்கார்ந்தால், தேனீக் குடும்பம் பிரிந்து பறந்துவிடுமோ என்ற பயத்தில் பாதியில் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறக்கிறேன். வாரத்துக்கு மூன்று நான்கு முறையாவது திறந்துவிடுகிறேன். தையல் மேசையில் ஒரு போர்வையின் மேல்துணி பாதி இணைத்தபடியே மாதக்கணக்காகக் கிடக்கிறது. அது என் நாத்தனார் மகளின் திருமணத்துக்குப் பரிசாகத் தருவதாகச் சொன்னது; திருமணமே முடிந்துவிட்டது. உறவில் யாருக்காவது குழந்தை பிறக்கப்போகிறது என்றால், "நீங்கள்தான் ஸ்வெட்டர் பின்னித் தரவேண்டும்" என்று உரிமையோடு கேட்கிறார்கள். மறுக்க எனக்கு வாய் வருவதில்லை. அப்படி ஒப்புக்கொண்ட ஸ்வெட்டர்கள் இப்போது மூன்று பாக்கி.

இதையெல்லாம் சீர்செய்ய ஒரு கால அட்டவணை போட்டேன். நான்குக்கும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், ஒன்றுக்கொன்று கூடுதல் குறைவு இல்லாமல். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டு மணி நேரம் என்று ஓரத்தில் குறித்துவைத்தேன். பாக்கி பெருகியதுதான் மிச்சம். கணவர் கடிந்து பேசுபவர் அல்லர். ஆனால் சாப்பாட்டு மேசையில் கிடக்கும் துணிக் குவியலை ஓசையில்லாமல் ஒதுக்கிவிட்டு அவர் உட்காரும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. மகள் சில நாட்களுக்கு முன் விளையாட்டாக, "அம்மா, நீ ஆரம்பிச்சதுல எதையாவது முடிச்சிருக்கியா?" என்று கேட்டாள். விளையாட்டுக்குத்தான் கேட்டாள் என்று தெரிந்தும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த நிலையில், பயிற்சி வகுப்பில் உடன் படித்த தோழி, தம்முடைய தேனீக் குடும்பத்தைப் பிரித்து எனக்கு இரண்டாவது பெட்டி தருவதாகச் சொல்கிறார். மனம் அதை நோக்கித் தாவுகிறது. அதே மனம் பயப்படவும் செய்கிறது. இது ஏதேனும் மனக்கோளாறா? நான்கையும் சமமாக நடத்த வழி உண்டா? இல்லையென்றால் எதை விடுவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இதை மனக்கோளாறு என்று சொல்வதற்கு எதுவும் இல்லை. பிடித்த வேலைகளில்கூட இரண்டு வாரங்களுக்கு மேலாக நாட்டமே வராமல், தூக்கமும் பசியும் கெட்டு, தாம் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணம் நாள் முழுவதும் விடாமல் துரத்தினால், அப்போது கடிதம் போதாது, மனநல மருத்துவரை நேரில் பார்க்க வேண்டும். உங்களுக்கு நாட்டம் குறையவில்லை. இரண்டாவது பெட்டிக்குத் தாவுகிற மனத்தை நாட்டமற்ற மனம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தூக்கக் குறைவு மட்டும் இன்னும் சில வாரங்கள் நீடித்தால் அதைத் தனியாக மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிக்கல் இருப்பது உங்கள் இரண்டாவது கேள்வியில்தான். நான்கும் ஒரே தன்மையுடைய வேலைகளாக இருந்தால்தான் சமம் என்ற அளவுகோல் பொருந்தும். தேனீயும் செடியும் உயிருள்ளவை. அவற்றுக்கென்று சொந்தமாக ஒரு நாட்காட்டி உண்டு, அது உங்கள் அட்டவணையைக் கேட்டு நடப்பதில்லை. நூலும் துணியும் காத்திருக்கும். ஈரமும் பூச்சியும் அண்டாமல் மூடிவைத்தால் ஓராண்டு கழித்தும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். காத்திருக்கக்கூடியதையும் காத்திருக்க முடியாததையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பங்கிட்டால், எதற்கும் அதற்கு வேண்டிய நேரம் கிடைக்காது.

இதில் ஒரு வேடிக்கை, நீங்கள் மிகவும் பயப்படும் தேனீக்களுக்குத்தான் உங்கள் நேரம் மிகக் குறைவாகத் தேவைப்படுகிறது. பயிற்சி வகுப்பில் சொல்லியிருப்பார்கள்: முட்டையிலிருந்து ராணித் தேனீ முழு வளர்ச்சியடைந்து வெளிவர ஏறத்தாழ 16 நாட்கள் ஆகும், அது வளரும் அறையின் வாய் எட்டு, ஒன்பது நாட்களில் மூடப்படும், குடும்பம் பிரிந்து பறப்பது பெரும்பாலும் அந்த வாய் மூடப்படும் தறுவாயில்தான். ஆகவே பிரியும் பருவத்தில் ஏழு நாட்களுக்கு ஒருமுறை, பெட்டிக்குள் மெழுகு அடைகளைத் தாங்கும் சட்டங்களைத் தூக்கி, அடைகளின் கீழ் விளிம்பில் ராணி அறைகள் தொங்குகின்றனவா என்று பார்த்தால் போதுமானது. பருவம் கடந்துவிட்டால் அதுவும் வேண்டியதில்லை. புழு வளரும் பகுதியைத் தேனீக்கள் 34, 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் காத்துவருகின்றன. நீங்கள் மூடியைத் திறக்கும்போதெல்லாம் வெளியேறும் வெப்பத்தை அவை மறுபடியும் உண்டாக்கியாக வேண்டும். வாரத்துக்கு நான்கு முறை திறப்பதால் பயன்பெறுவது உங்கள் பதற்றம் மட்டுமே.

அந்தப் பதற்றத்தின் போக்கைக் கவனியுங்கள். பயம் வருகிறது, திறந்து பார்க்கிறீர்கள், ராணி அறை எதுவும் இல்லை, மனம் ஆறுகிறது. ஆனால் திறந்து பார்த்ததால்தான் ஆறியது என்று மனம் பாடம் கற்றுக்கொள்கிறது; அடுத்த முறை இன்னும் விரைவில் பயத்தை எழுப்பி, திறக்கச் சொல்கிறது. சரிபார்ப்பதால் தணியும் பயம் சரிபார்ப்பதாலேயே வளரும் என்பது எங்கள் துறையில் அன்றாடம் காணும் உண்மை. பெட்டியின் மேல் ஒரு அட்டையை ஒட்டி, கடைசியாகத் திறந்த தேதியையும் அடுத்துத் திறக்கவேண்டிய தேதியையும் எழுதிவிடுங்கள். இடையில் பயம் வந்தால், மூடியைத் தொடாமல் நுழைவாயிலுக்குச் சற்றுப் பக்கவாட்டில் பத்து நிமிடம் உட்காருங்கள். பின்னங்கால்களில் மகரந்த உருண்டைகளைச் சுமந்துகொண்டு தேனீக்கள் தொடர்ந்து உள்ளே போய்க்கொண்டிருந்தால், உள்ளே புழுக்கள் வளர்கின்றன என்பதற்கு அது பொதுவாக நல்ல அடையாளம். மேலும், பல ஆண்டுகள் தேனீ வளர்த்தவர்களின் குடும்பங்களும் சில வேளைகளில் பிரிந்து பறக்கத்தான் செய்கின்றன. குடும்பம் பெருகுவதற்கு அவை இயற்கையாகக் கையாளும் வழியே அது.

தோட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேர் சுருண்ட நாற்று உண்மையிலேயே காத்திருக்காது. இந்த வாரத்தில் ஒரு மாலைப் பொழுதை அதற்குக் கொடுங்கள். உங்கள் பாத்திக்குத் தேவையானதை நட்டுவிட்டு எஞ்சியதைக் கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். பாத்திகளுக்குக் காய்ந்த இலை, வைக்கோல் போன்றவற்றால் மூடாக்குப் போட்டால் ஈரம் தங்கும், நீர் ஊற்றும் வேலையும் களை எடுக்கும் வேலையும் குறையும்.

நூலுக்கும் துணிக்கும் வருகிறேன். இவை இரண்டும் காத்திருக்கும் என்றாலும், இவை கேட்கும் நேரத்தின் வடிவம் வேறு. பின்னலுக்குப் பத்து நிமிடம் போதும். வரிசை முடிந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்துபோகலாம். துண்டுத் துணிப் போர்வைக்கு மேசையைக் காலிசெய்ய வேண்டும், இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்க வேண்டும், துண்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்க்க வேண்டும். தையலுக்கு விடும் கால் அங்குல ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடிவிட்டால் ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு மில்லிமீட்டர் துணி விழுங்கப்படும். பத்து இணைப்புள்ள ஒரு வரிசை இரண்டு சென்டிமீட்டர் குறைந்து, பக்கத்து வரிசையோடு பொருந்தாமல் நிற்கும். அவசரத்தில் செய்யக்கூடிய வேலையா அது? நாளுக்கு ஒரு மணி நேரம் என்ற உங்கள் திட்டத்தில் பாதி நேரம் எடுத்து வைப்பதிலும் மீண்டும் ஒதுக்கி வைப்பதிலுமே போயிருக்கும், மிச்சமிருந்த பாதியும் பதற்றத்தில் போயிருக்கும். போர்வைக்கு அன்றாடம் நேரம் ஒதுக்காதீர்கள். மாதத்தில் ஒன்றிரண்டு முழு அரைநாட்களை மட்டும் கொடுங்கள். மற்ற நாட்களில் அது ஒரு பெட்டிக்குள் இருக்கட்டும், சாப்பாட்டு மேசை சாப்பாட்டுக்கே இருக்கட்டும்.

இனி, உங்கள் கடிதத்தில் நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. கிடப்பில் கிடப்பவை எவை என்று பாருங்கள். திருமணப் பரிசாகச் சொன்ன போர்வை. உறவினர்கள் கேட்ட மூன்று ஸ்வெட்டர்கள். யாருக்கும் வாக்குக் கொடுக்காத வேலை எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. உங்களுக்கு இருப்பது நான்கு பொழுதுபோக்குகளும், அவற்றோடு கலந்துபோன நான்கு கடமைகளும். 1973-இல் உளவியலாளர் மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும் செய்த பரிசோதனை ஒன்றில், படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள சிறு குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். பரிசு பெற்ற அக்குழந்தைகள் பின்னர் தாமாகவே வரைய உட்கார்ந்த நேரம் மற்றக் குழந்தைகளைவிடக் குறைந்துபோனது. பரிசும் வாக்கும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் விரும்பிச் செய்த ஒன்று வேறு ஏதோ ஒன்றுக்காகச் செய்யவேண்டியதாக மாறும்போது கையில் ஒரு தயக்கம் வருவதை இரண்டு இடத்திலும் காண்கிறோம்.

ஆகவே வாக்குகளைத் தனியே பிரித்தெடுத்து, அவற்றைக் கடமைகளாகவே நடத்துங்கள். மூன்று ஸ்வெட்டர்களில் எந்தக் குழந்தை முதலில் பிறக்கப்போகிறதோ அதற்கு ஒன்றை மட்டும் பின்னுங்கள். மற்ற இரு வீட்டாரிடமும், "இப்போது என்னால் முடியாது, கோபித்துக்கொள்ளாதீர்கள்" என்று இந்த வாரமே சொல்லிவிடுங்கள். நாத்தனாரிடம், போர்வை ஆண்டு நிறைவு நாளுக்கு வரும் என்று சொல்லலாம். அல்லது இணைத்திருக்கும் பகுதியை ஒரு சிறிய விரிப்பாக முடித்துக் கொடுத்துவிடலாம். நாத்தனார் உறவில் இது அவ்வளவு எளிதல்ல என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆயினும் முடியாது என்று ஒருமுறை சொல்வதன் சங்கடம் ஒரு மாலையோடு போய்விடும்; சொல்லாமல் விட்டதன் சங்கடத்தைத்தான் மாதக்கணக்காக நீங்கள் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். புதிதாகக் கேட்பவர்களுக்கு உடனே ஒப்புக்கொள்ளாமல், மறுநாள் சொல்கிறேன் என்று பழகுங்கள்.

ஒன்றைச் செய்யும்போது மற்றது நினைவில் முட்டுவதற்கும் காரணம் உண்டு. முடிக்காத வேலை முடித்த வேலையைவிட நினைவில் நன்றாகத் தங்குகிறது என்று உளவியலாளர் புளூமா ஸெய்கார்னிக் 1927-இல் எழுதினார். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் அதை அப்படியே உறுதிப்படுத்தவில்லை என்றாலும், உங்களைப் போன்றவர்களின் அனுபவம் அவர் பக்கமே நிற்கிறது. 2011-இல் உளவியலாளர்கள் மசிகாம்போவும் ராய் பாமைஸ்டரும் வெளியிட்ட ஆய்வுகள் இன்னும் பயனுள்ளவை: முடிக்காத வேலை மனத்தில் குறுக்கிடுவதை நிறுத்த அதை முடித்தாக வேண்டியதில்லை, எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டவட்டமாகத் தீர்மானித்தாலே குறுக்கீடு தணிகிறது. பின்னலை வைக்கும்போது, எத்தனையாவது வரிசை, எந்த அளவு ஊசி, அடுத்துச் செய்யவேண்டியது என்ன என்று ஒரு சீட்டில் எழுதி நூலோடு பையில் போட்டுவிடுங்கள். கண்ணிகளை எண்ணத் தேவையில்லாத எளிய பின்னல் ஒன்றை, யாருக்கென்றும் சொல்லாமல், உங்களுக்காகவே ஊசியில் வைத்திருங்கள். மகளோடு பேசிக்கொண்டிருக்கும்போது அது கையில் இருக்கட்டும். அட்டவணையின் ஓரத்தில் எழுதிய பாக்கிக் கணக்கை மட்டும் கிழித்துப் போட்டுவிடுங்கள். பின்னாமல் விட்ட ஒரு மணி நேரத்தை யாரும் உங்களுக்குக் கடனாகக் கொடுக்கவில்லை.

எதை விடுவது என்று கேட்டீர்கள். இப்போதைக்கு எதையும் விடவேண்டாம். வாக்குகள் தீர்ந்த பிறகும் ஏதேனும் ஒன்று மாதக்கணக்காகத் தொடப்படாமலே கிடந்து, அதன் குறையும் உங்களுக்குத் தெரியாமல் இருந்தால், அதை விடும் முடிவை நீங்கள் எடுக்கவே வேண்டியிராது.

தோழி தருவதாகச் சொல்லும் இரண்டாவது பெட்டி வெறும் ஆசையின் பாற்பட்டது அன்று. ஒரு குடும்பம் ராணியை இழந்துவிட்டால், மற்றதிலிருந்து புது முட்டைகள் உள்ள அடையை எடுத்து வைத்துப் புதிய ராணியை வளர்க்கச் செய்யலாம் என்பதால், அனுபவமுள்ளவர்களே இரண்டு பெட்டிகளைப் பரிந்துரைப்பதுண்டு. இருந்தும் இந்தப் பருவத்தில் வேண்டாம் என்றே உங்களுக்குச் சொல்வேன். இருக்கும் ஒரு பெட்டியை, பருவம் முடியும்வரை, அட்டையில் எழுதிய தேதிக்கு முன்னால் திறக்காமல் உங்களால் இருக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அடுத்த பருவத்தில் நீங்களே தோழியைக் கேளுங்கள். அவரிடம் பிரிக்கவேண்டிய குடும்பம் அப்போதும் இருக்கும்.

அன்புடன்,
ஆலோசகர்