கேளுங்க, சொல்றேன்: நாலு மீன் தலையும் ஒரு கியூவும்

போன மாசம் இந்தப் பக்கத்துல, எக்ஸ், அதான் பழைய ட்விட்டர், அது மாதிரி சின்னச் சின்னப் போஸ்ட் போடுற மாஸ்டடான், ப்ளூஸ்கை ரெண்டையும் பத்தி சும்மா நாலு வரி எழுதினேன், ட்ரை பண்ணிப் பாருங்கன்னு. அதுக்கப்புறம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல ஒரே புலம்பல், "அக்கா நீங்க சொன்னீங்கன்னுதான் போனேன், அங்க ஒண்ணும் ஒழுங்கா வேலை செய்ய மாட்டேங்குது"ன்னு. சரி, நானே இழுத்துவிட்ட வேலை, இந்த மாசம் பூரா அதுதான். புதுசா வர்றவங்களுக்கு ஒரு வரி: மாஸ்டடான் ஒரே இடம் இல்ல, வேற வேற ஆளுங்க தனித்தனியா நடத்துற சர்வர்ங்க ஒண்ணோட ஒண்ணு சேதி அனுப்பிக்கிற வலை. சமையலறை டைல்ஸ் பத்திக் கேட்டவங்க கோச்சுக்காம அடுத்த இதழ் வரைக்கும் பொறுங்க.

அக்கா, வெள்ளிக்கிழமை ராத்திரி அம்மா வச்ச மீன் தலை கறியப் போட்டோ எடுத்து மாஸ்டடான்ல போட்டேன். எனக்குத் தெரியுது. ஜோகூர்ல இருக்குற சித்தி பொண்ணு வேற சர்வர், அவளுக்குத் தெரியல. வரலையேன்னு இன்னும் மூணு வாட்டி போட்டேன். காலையில எழுந்து பாத்தா நாலும் அவளுக்குப் போயிருக்கு, "உங்க வீட்டு மீனுக்கு நாலு தலையா"ன்னு கேக்குறா. இது என்ன கோளாறு?
செங்காங் வாசகி

சிரிச்சிட்டேன் மா, மன்னிச்சிருங்க. ஏன்னா நானும் இதையே செஞ்சிருக்கேன். 2022 நவம்பர்ல, எலான் மஸ்க் ட்விட்டர வாங்கின கையோட எல்லாரும் மாஸ்டடானுக்கு ஓடினாங்கல்ல, அப்ப நானும் ஓடிப்போய் ஒரு குட்டி சர்வர்ல சேந்து, மழை நேரத்துல எங்க புளோக் கீழ் தளத்துல தூங்கிட்டிருந்த பூனையப் படம் புடிச்சுப் போட்டேன், போகல, திருப்பிப் போட்டேன், போகல, இன்னொண்ணு. ராத்திரி ரெண்டு மணிக்கு எல்லாப் பூனையும் வரிசையா வெளிய வந்துச்சு.

என்ன நடக்குதுன்னா, தேக்கா சென்டர்ல ஞாயித்துக்கிழமை மதியம் பரோட்டா கடைய நெனச்சுக்கங்க. கவுண்ட்டர்ல நிக்குற தம்பி ஆர்டர உடனே துண்டுச் சீட்டுல எழுதிடுவாரு, அதுதான் உங்க ஸ்கிரீன்ல போஸ்ட் உடனே தெரியுறது. ஆனா கல்லு ஒண்ணுதான் இருக்கு, மாஸ்டர் எவ்வளவு வேகமா வீசினாலும் முன்னாடி அறுபது சீட்டு இருந்தா அறுபதும் முடிஞ்சாத்தான் உங்களோடது. வரலையேன்னு போய் இன்னும் மூணு சீட்டு எழுதினா, கடைசியில மேசையில நாலு செட் வந்து நிக்கும், பின்னாடி நிக்குறவங்க வேற உங்களால லேட்டு.

மாஸ்டடான்ல அந்தக் கல்லுக்குப் பேரு சைட்கிக். நீங்க போடுற போஸ்ட், லைக், ஃபாலோ, எல்லாமே வேலையா மாறி அதோட கியூவுல போய் நிக்கும். உங்கள 300 பேர் ஃபாலோ பண்றாங்க, அவங்க 40 சர்வர்ல பரவி இருக்காங்கன்னா ஒரு போஸ்ட்டுக்கு 40 டெலிவரி. சாதாரண நாள்ல இது கண்ணச் சிமிட்டுற நேரம். கூட்டம் திடீர்னு கூடினா கதை வேற. 2022 அக்டோபர்ல மாசத்துக்கு சுமாரா 3 லட்சம் பேர் புழங்கின நெட்வொர்க், அடுத்த மாசம் 25 லட்சத்துக்குப் போச்சு. அத 2016-ல ஜெர்மனியில தொடங்கினது யூஜென் ரோச்கோன்னு ஒரே ஆளு, சர்வர்கள நடத்துறவங்கள்லயும் நெறைய பேரு ஆபீஸ் முடிஞ்சு வந்து சொந்தக் காசுல பாக்குறவங்க, ஒரே வாரத்துல அவ்வளவு கூட்டத்துக்குக் கல்லு எங்க போய் வாங்குவாங்க.

சித்தி பொண்ணோட சர்வர் அந்த நேரம் படுத்துக் கெடந்தாலும் உங்க போஸ்ட் தொலஞ்சு போகாது. உங்க சர்வர் கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பத் தட்டும், அப்புறம் இன்னும் கொஞ்சம் கூடுதலா விட்டுத் தட்டும், இப்படி ரெண்டு நாள் போல விடாம தட்டிப் பாக்கும். அதனால அடுத்த வாட்டி போஸ்ட்டோட லிங்க்க காப்பி பண்ணி, லாகின் இல்லாத ப்ரௌசர் ஜன்னல்ல தொறந்து பாருங்க. தெரிஞ்சா உங்க பக்க வேலை முடிஞ்சுது, ஃபோனக் கீழ வச்சிட்டுத் தூங்கப் போங்க. கூடுதலாப் போட்ட மூணு தலைய டிலீட் பண்ணினீங்கன்னா அந்த டிலீட்டும் அதே கியூவுலதான் நிக்கும், சித்தி பொண்ணு கொஞ்ச நேரம் கிண்டல் பண்ணிட்டுத்தான் இருப்பா.

ஒரே போஸ்ட்ட நானும் என் வீட்டுக்காரரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து பாக்குறோம். அவருக்கு 23 பதில் காட்டுது, எனக்கு 6. என் ஆப் பழசா?
புக்கிட் பாத்தோக் வாசகி

ஆப் மேல தப்பில்ல. நீங்க ரெண்டு பேரும் வேற வேற சர்வர்ல இருக்கீங்க, சரிதானே? ஒவ்வொரு சர்வருக்கும் அது காதுக்கு வந்த சேதி மட்டும்தான் தெரியும். ரெண்டு பேரும் ஒரே கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்து கத சொன்னா எப்படி, பந்தியில நீங்க உக்காந்த இடத்துல கேட்டது உங்களுக்கு, அவரு வாசல்ல நின்னு கேட்டது அவருக்கு. உங்க சர்வர்ல யாருமே ஃபாலோ பண்ணாத ஆளு எங்கயோ போட்ட பதில் உங்க சர்வருக்கு வராமலே போகலாம். லைக் எண்ணிக்கையும் அதே மாதிரிதான், ஃபாலோயர் லிஸ்ட்டும் பாதிதான் காட்டும்.

முழுசாப் பாக்கணும்னா போஸ்ட்டோட மெனுவுல மூலப் பக்கத்துக்குப் போற ஆப்ஷன் இருக்கும், அத அழுத்துங்க, எழுதினவரோட சர்வருக்கே கூட்டிட்டுப் போகும், அங்கதான் பதில்கள் கிட்டத்தட்ட முழுசா இருக்கும். அங்க ஒரு பதில் புடிச்சுப்போய் நீங்க அதுக்குப் பதில் எழுதணும்னா, அந்த லிங்க்க எடுத்துட்டு வந்து உங்க சர்வரோட தேடல் பெட்டியில ஒட்டுங்க, இழுத்துட்டு வந்துரும். கொஞ்சம் சுத்தி வளச்ச வழிதான், நானும் ஒத்துக்குறேன், புதுசா வர்றவங்கள இது விரட்டி அடிக்குது. இந்த விஷயத்துல மாஸ்டடான்காரங்க ரொம்ப வருஷம் மெத்தனமா இருந்துட்டாங்கன்னுதான் என் அபிப்பிராயம்.

தீபாவளிக்கு மூணு வாரம் திருச்சி போயிட்டு வந்தேன், மாஸ்டடான்ல ஹோம் பக்கம் காலி. எல்லாரும் என்ன அன்ஃபாலோ பண்ணிட்டாங்களா?
அங் மோ கியோ வாசகர்

இல்ல தம்பி, பயப்படாதீங்க. ஒரு வாரம் போல நீங்க எட்டிப் பாக்கலைன்னா சர்வர் உங்க ஹோம் பக்கத்த மடிச்சு வச்சிரும், இடம் மிச்சம் பண்றதுக்கு. திரும்பி வந்ததும் புதுசாக் கட்ட ஆரம்பிக்கும். ஒரு கோப்பி ஓ குடிச்சிட்டு வந்து பாருங்க, இருக்கும்.

ப்ளூஸ்கைல என் சொந்த டொமைன, அதான் என் வெப்சைட் முகவரிய, யூசர்நேமா வைக்கலாம்னு படிச்சேன். செட்டிங்ஸ்ல வச்சேன், முதல்ல ஓகேன்னு வந்துச்சு, அடுத்த நாள் பேருக்குப் பதிலா செல்லாத பேருன்னு காட்டுது. அவமானமா இருக்கு, ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டேன்.
பொங்கோல் வாசகர்

பத்துல எட்டு கேஸ்ல இது டிஎன்எஸ் தகராறு, அதான் டொமைன் விவரமெல்லாம் எழுதி வச்சிருக்குற இணையத்தோட முகவரிப் புத்தகம். உங்க டொமைன் கணக்குல ஒரு டிஎக்ஸ்டி ரெக்கார்ட், அதாவது அந்தப் புத்தகத்துல ஒரு சின்னக் குறிப்பு, சேத்திருப்பீங்க, அடிக்கோட்டுல தொடங்கி ஏடிபுரோட்டோன்னு பேரு வரும், அதுக்குள்ள டிஐடின்னு தொடங்குற நீளமான ஒரு அடையாளம். அந்த ரெக்கார்ட் அழிஞ்சிருக்கா, இல்ல வெப்சைட்ட வேற கம்பெனிக்கு மாத்தினப்போ கூட வராம நின்னுடுச்சான்னு பாருங்க. எங்க ஆபீஸ் தம்பி ஒருத்தர் ரெக்கார்ட் பேருக்குப் பின்னாடி டொமைனையும் சேத்து எழுதிட்டாரு, டொமைன் வித்த கம்பெனியோட பக்கம் தானாவே டொமைன ஒட்டிக்கும்ல, ஆக டொமைன் ரெண்டு வாட்டி வந்து நின்னுச்சு, அத நாங்க கண்டுபுடிக்க ஒரு மதியம் பூராப் போச்சு. சரி பண்ணின பிறகும் உடனே மாறாது, பழைய பதில நடுவுல இருக்குற சர்வர்ங்க ஞாபகம் வச்சிருக்கும், சில மணி நேரம் விடுங்க. அதுவரைக்கும் உங்க போஸ்ட், ஃபாலோயர் எதுவும் போகாது, ஏன்னா நெஜமான அடையாளம் அந்த டிஐடிதான், பேரு சும்மா வாசல் பலகை.

இன்னொண்ணு, தமிழ்லயே பேரு வைக்கலாமான்னு அடுத்த கடிதத்துல கேப்பீங்க. நம்ம நாட்டுக்கு .சிங்கப்பூர்னு தமிழ் எழுத்துலயே டொமைன் இருக்கு, நெறைய பேருக்குத் தெரியாது. ஆனா ப்ளூஸ்கை அத உள்ளுக்குள்ள ஆங்கில எழுத்துக் குறியீடா மாத்தித்தான் வச்சுக்கும், எக்ஸ்என்னுன்னு தொடங்கி வாயில நுழையாத மாதிரி.

ப்ளூஸ்கை டிசென்ட்ரலைஸ்டுன்னா ஒரேடியா ஏன் படுக்குது? பரவலா இருந்தா ஒண்ணு போனாலும் மத்தது ஓடணுமே.
கிளமெண்டி வாசகர், கணினி மாணவர்

நல்ல கேள்வி, மார்க் போடலாம். ப்ளூஸ்கைல வேலைய மூணாப் பிரிச்சிருக்காங்க. உங்க எழுத்து இருக்குற பெட்டி பிடிஎஸ், எல்லாப் பெட்டியில இருந்தும் சேதிய அள்ளி ஒரே ஆறா ஓட விடுறது ரிலே, அந்த ஆத்துல இருந்து மொண்டு உங்க ஸ்கிரீனுக்குத் தர்றது ஆப்வியூ. யாரு வேணும்னாலும் இந்த மூணையும் சொந்தமா நடத்தலாம், சில பேர் நடத்தவும் செய்றாங்க, ஆனா கூட்டத்துல பெரும்பாலானவங்க இன்னமும் கம்பெனியோட சொந்தப் பெட்டியிலதான் இருக்காங்க. வெளிய போற கதவு பூட்டல, அவ்வளவு பேரும் உள்ளயே நிக்குறாங்க.

2024 நவம்பர்ல அமெரிக்கத் தேர்தல் முடிஞ்சதும் ஒரு நாளைக்கு 10 லட்சம் பேர்ங்கிற கணக்குல வந்து சேந்தாங்க, அந்த மாசமே மொத்தம் 2 கோடிய தாண்டுச்சு. அந்தக் கூட்டத்துக்கு நடுவுல நவம்பர் 14-ம் தேதி அவங்களுக்கு லைன் குடுக்குற ஒரு நிறுவனத்தோட ஃபைபர் கேபிள் அறுந்து போச்சு. நீங்க எழுதின கோட்ல எவ்வளவு அழகு இருந்தாலும் ஒயர் அறுந்தா அறுந்ததுதான். மாஸ்டடான்ல அந்த மாதிரி ஒரேடியாப் படுக்காது, அங்க துண்டு துண்டாப் படுக்கும், எந்தத் துண்டு படுத்துச்சுன்னு தேடுறது உங்க வேலை.

மாஸ்டடான்ல கணக்கு தொறந்தேன், கன்ஃபர்மேஷன் மெயில் வரவே இல்ல. மூணு நாள் ஆச்சு.
ஜூரோங் வெஸ்ட் வாசகி

ஸ்பேம்ல பாத்தாச்சா? பாத்தாச்சுன்னா, திரும்ப அனுப்புற பட்டன ஒரே ஒரு வாட்டி அழுத்துங்க. கூட்டம் வர்றப்ப மெயில் அனுப்புற சேவையோட அன்னன்னைக்கு அளவு தீந்து போறதும் உண்டு. அப்படியும் வரலன்னா வேற சர்வர்ல சேருங்க, ஒரே சர்வர்லதான் இருக்கணும்னு தலையெழுத்து இல்ல, இன்னொரு சர்வர்ல இருந்தாலும் அதே ஆளுங்கள ஃபாலோ பண்ணலாம்.

எங்க சர்வர நடத்துறவர் மூடப் போறேன்னு அறிவிப்பு போட்டுட்டாரு. ஆறு வருஷமா எழுதுறேன், 1,200 பேர் பின்தொடர்றாங்க. எல்லாம் போயிடுமா? ராத்திரி தூக்கமே இல்ல அக்கா.
பாசிர் ரிஸ் வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்

ஐயா, கொஞ்சம் போகும், நெறைய மிஞ்சும், ஆனா இன்னைக்கே உக்காரணும்.

மாஸ்டடானோட அதிகாரப்பூர்வப் பக்கத்துல பட்டியல் போட்டிருக்குற சர்வர்னா, மூடுறதுக்கு 3 மாசம் முன்னாடி சொல்லணும்னு ஒப்பந்தம் இருக்கு. பட்டியல்ல இல்லாத சர்வருக்கு அந்தக் கட்டாயம் கெடையாது, உங்களுக்கு எத்தன நாள் இருக்குன்னு முதல்ல பாத்துக்கங்க.

புது சர்வர்ல ஒரு கணக்கு தொறந்துட்டு, அங்கதான் முதல்ல, பழைய கணக்கு என்னோடதுதான்னு ஒரு குறிப்பு சேக்கணும். நெறைய பேர் பழைய கணக்குல இருந்து ஆரம்பிச்சு எரர் வாங்கிட்டு நிக்குறது இங்கதான். அப்புறம் பழைய கணக்குக்குப் போய் நகர்த்தச் சொல்லுங்க, பாஸ்வேர்ட் கேக்கும், குடுத்தா 1,200 பேரும் தானா புதுசுக்கு வர ஆரம்பிப்பாங்க. அதுவும் கியூவுலதான், ஒரே நிமிஷத்துல வராது, மொத நாள் 400 தான் வந்துச்சுன்னு பதறாதீங்க. ஒருவாட்டி நகர்த்திட்டா அடுத்த 30 நாளைக்குத் திரும்ப நகர்த்த முடியாது, அதனால புது சர்வர நல்லா விசாரிச்சுத் தேர்ந்தெடுங்க. எத்தன பேர் சேந்து நடத்துறாங்க, பேக்கப் எடுக்குறாங்களா, செலவுக்கு எப்படிக் காசு வருதுன்னு அவங்க அறிமுகப் பக்கத்துலயே பெரும்பாலும் எழுதியிருப்பாங்க. ஒத்த ஆளு நடத்துறதுன்னா அவருக்குக் காய்ச்சல் வந்தா சர்வருக்கும் காய்ச்சல்.

நீங்க ஃபாலோ பண்ற ஆளுங்க, பிளாக் பண்ணினவங்க, புக்மார்க், இதெல்லாம் சிஎஸ்வி ஃபைலா, அதான் பட்டியல் மாதிரி ஒரு ஃபைல், எடுத்து புது இடத்துல நீங்களே ஏத்தணும்.

கூட வராத ஒண்ணு உங்க எழுத்து. ஆறு வருஷப் போஸ்ட் புது கணக்குக்கு வராது, இது எனக்கே வலிக்குற விஷயம். ஆனா செட்டிங்ஸ்ல ஆர்க்கைவ் கேட்டா போஸ்ட்டும் படமும் சேத்து ஒரு ஃபைலாக் குடுப்பாங்க, 7 நாளைக்கு ஒருவாட்டிதான் கேக்க முடியும், மூடுற வாரத்துல எல்லாரும் ஒரேடியாக் கேப்பாங்க, அதனால இன்னைக்கே. எடுத்ததும் தொறந்து பாருங்க, அப்புறம் பேரன்கிட்ட சொல்லி ஒரு தம்ப் டிரைவ்லயும் போட்டு வைங்க. படம் கடைசியில பாதி ஏறாம நின்ன கேஸ் நான் ரெண்டு பாத்திருக்கேன்.

சர்வர் படுத்திருந்தப்போ "அட்மின்" பேர்ல ஒருத்தர் தனிச் செய்தி அனுப்பினாரு, கணக்க உறுதி செய்ய லிங்க்க அழுத்தச் சொல்லி. இன்னும் அழுத்தல. அழுத்தலாமா?
தோ பாயோ வாசகர்

அழுத்தாதீங்க அங்கிள். இந்தத் திருடனுங்களுக்கு சர்வர் படுக்குற நாள்தான் தைப்பூசம். நிஜ அட்மின் யாருன்னு சர்வரோட அறிமுகப் பக்கத்துல கணக்குப் பேரோட போட்டிருக்கும், அதோட எழுத்து எழுத்தா ஒத்துப் பாருங்க. உங்க பாஸ்வேர்ட அவரு எப்பவும் கேக்க மாட்டாரு, பேங்க் ஓடிபி சுத்தமாக் கேக்க மாட்டாரு. சந்தேகம்னா மோசடி பத்திக் கேக்குறதுக்கு ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799, 24 மணி நேரமும் எடுப்பாங்க. அப்படியே மாஸ்டடான் தனிச் செய்தியில ஐசி நம்பர், வீட்டு முகவரி எதையும் எழுதாதீங்க, அது பூட்டுன கடிதம் இல்ல, சர்வர நடத்துறவர் நெனச்சாப் படிக்க முடியும்.

எக்ஸ்ல 280-ல முடியாத என் வெண்பா ப்ளூஸ்கைல 300-ல தாராளமா அடங்குது. வெறும் 20 எழுத்துதானே கூடுதல், எப்படி?
ஈசூன் வாசகர்

எக்ஸ்ல "கி"ன்னு போட்டா ககரம் ஒண்ணு, மேல இருக்குற கொக்கி ஒண்ணுன்னு ரெண்டாக் கணக்குப் பண்ணுவாங்க. ப்ளூஸ்கைல கண்ணுக்குத் தெரியுற எழுத்து ஒண்ணுன்னா ஒண்ணுதான், மாஸ்டடான்லயும் அதே கதை, அங்க வழக்கமா 500 வேற. வெண்பாவ அனுப்பி வைங்க ஐயா, ஒரே ஒருவாட்டி.