பி1 பாஸ் பண்ணீட்டா ஜெர்மன் தெரியும்னு சொல்லிக்கலாமான்னு கேட்ட கோபிச்செட்டிபாளையத்துத் தம்பிக்கு

தம்பி, ஸ்டுட்கார்ட்டுல வேலை கெடைச்சிருக்குது, பி1 (ஏ1, ஏ2, பி1ன்னு போற ஜெர்மன் பரீச்சையில மூணாவது படி) பாஸ் பண்ணீட்டேன், சிவியில 'ஜெர்மன் தெரியும்'னு போட்டுக்கலாமா, அப்பறம் அரிசி எங்க கெடைக்கும், குளிருக்கு ஜாக்கெட் ஊர்லயே வாங்கீட்டு வரட்டுமா, வாடகை எவ்ளோ ஆகும்னு நாலு கேள்வி கேட்டிருக்கறீங்க. அரிசிக்குப் பஞ்சமில்லீங்க. ஜாக்கெட்ட இங்க வந்து வாங்கிக்கங்க. வாடகையப் பத்திப் பேசுனா எனக்கு பிபி ஏறும், அத வேற ஆராச்சும் சொல்லட்டும். மொதக் கேள்விக்குத்தான் ஒக்காந்து டைப் பண்றேன், ஏன்னா நானும் அதே சர்டிபிகேட்டைப் பைல்ல வெச்சுட்டு ஸ்டுட்கார்ட் பக்கத்துல இருக்கற ராய்ட்லிங்கன்ல வந்து எறங்குனவன்தான்.

பரீச்சை எழுதுன உங்களுக்கே தெரியும், படிக்கறது கேக்கறது எழுதறது பேசறது நாலுலயும் நூத்துக்கு 60 வாங்குனா பாஸ். அப்ப 40 வெளங்காம போனாலும் பாஸ்தானுங்களே? பரீச்சையில அந்த 40 எங்க போனாலும் கவலையில்ல, இங்க வந்தா அது கரெக்டா வாடகை அக்ரிமெண்ட்ல, காலி பண்ணோணும்னா மூணு மாசம் முன்னாடி எழுத்துல குடுக்கோணும்ங்கற வரியிலதான் போயி ஒக்காந்துக்கும். பேசற பரீச்சையுந்தான் என்ன, மொத்தமே கா மணி நேரம், எதுத்தாப்புல இருக்கறதும் நம்மளாட்டவே திக்கித்திக்கிப் பேசற இன்னொரு பையன்.

அதுக்காக சர்டிபிகேட் வேஸ்ட்னு சொல்ல மாட்டேனுங்க. மத்த கண்டிசனெல்லாம் சரியா இருந்தா, ப்ளூ கார்டுல (படிச்சவங்க வேலைக்கு வர்றதுக்குக் குடுக்கற பர்மிட்டு) வர்றவங்க ஏ1 வெச்சுட்டு 27 மாசத்துல நிரந்தர பர்மிட் கேக்கலாம், பி1 இருந்தா 21 மாசத்துலயே கேக்கலாம். சிட்டிசன்சிப்புக்கும் பி1 போதும். பத்தரமா வெச்சுக்கங்க. ஆனா ஆபீசுல பைலைப் பாத்து சீல் குத்தறவங்க யாரும் ராத்திரி உங்களுக்கு போன் பண்ணப்போறதில்ல.

என்னையக் கேட்டா போன்தானுங்க கணக்கு. நேர்ல பேசுனா மூஞ்சி, கை, சிரிப்பு எல்லாம் பாதி வேலையப் பாத்துக்கும், எதிராளியும் நம்ம கலரைப் பாத்ததும் மெதுவாப் பேச ஆரம்பிச்சுருவாங்க. போன்ல அதெல்லாம் ஒண்ணும் கெடையாது. நாங்க வந்த புதுசுல என்ற பையனுக்கு ஒரு ராத்திரி காய்ச்சல் கொதிக்குது. டாக்டருங்க கதவடைச்சப்பறம் கூப்பட 116117ன்னு ஒரு நம்பர் இருக்குது (உசுருக்கு ஆபத்துன்னா 112, ரெண்டையும் இப்பவே போன்ல ஏத்தி வெச்சுக்கங்க). கூப்ட்டேன். அந்தம்மா கேட்டது ஒண்ணும் பெரிய இலக்கியம் இல்ல. எத்தன டிகிரி, எப்ப இருந்து, தண்ணி குடிக்கறானா, எந்த ஊடு. எல்லாமே ஏ2 புஸ்தகத்துல வந்த வார்த்தைதான். ஆனா பையன் அழுகறான், ஊட்டுக்காரம்மா என்ன சொல்றாங்க என்ன சொல்றாங்கன்னு தோளைப் புடிச்சு உலுக்கறாங்க, போன்ல இருக்கறவங்க இந்தப் பக்கத்து ஷ்வேபிஷ் பேச்சுல சரசரன்னு போறாங்க, கோச்சிங்ல போட்ட ஆடியோவுல அப்படி ஒரு ஆளு பேசி நான் கேட்டதே இல்ல. இதுல நம்பர் வேற. இவங்க 39ஐ ஒம்பதும் முப்பதும்னு தலைகீழாத்தான் சொல்லுவாங்க, ஊட்டு நம்பர் 74ன்னா நாலும் எழுபதும். மனசுக்குள்ள அதைத் திருப்பி வெக்கறதுக்குள்ள அடுத்த கேள்வி வந்து நின்னுக்குது. கடைசியில கீழ் ஊட்டுப் பாட்டிய எழுப்பி போனைக் கையில குடுத்தேன், பி1 சர்டிபிகேட் அலமாரியில இருந்துச்சு.

அந்தப் பாட்டிக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை வராது, அது என்ற பாக்கியம். இந்தப் பக்கம் 'கேர்வோகெ'ன்னு ஒரு வழக்கம் இருக்குதுங்க, மொறை வெச்சு ஒரு வாரம் ஒரு ஊட்டுக்காரங்க மாடிப்படி, நடை, வெளிய ரோட்டோரம் எல்லாம் கூட்டோணும், உங்க மொறை வந்தா கதவுல ஒரு அட்டையத் தொங்க உட்டுருவாங்க. நம்ம அமுச்சி விடியக்காலம் வாசல் கூட்டற மாதிரிதான், என்ன, இங்க கூட்டாட்டி ஊரே பேசும். மொத வருசமெல்லாம் பாட்டி என்கிட்ட, "நீ. இங்க. கூட்டு."ன்னு கொழந்தைக்குச் சொல்றாப்பல கையக் காட்டிக் காட்டிச் சொல்லுவாங்க. கொஞ்ச வருசம் போச்சு, ஒரு அக்டோபர் மாசம், மழையில நனைஞ்ச எலையெல்லாம் படியில ஒட்டிக் கெடக்குது, பாட்டி வெளிய வந்து மூச்சு உடாம வெச்சு வாங்குனாங்க, எலையில ஆரம்பிச்சு நாங்க வாசல்ல உடற செருப்பு வரைக்கும். நானும் உடல. எலை நம்ம மரத்துது இல்ல, பக்கத்து பில்டிங் மரத்துது, அவங்ககிட்டப் போயி கேளுங்கன்னுட்டேன். பேருக்கு முன்னாடி போடற டெர், டீ, டாஸ்ங்கற ஆர்ட்டிகிள் பாதி தப்பாத்தான் இருந்திருக்கும். பாட்டி அதைக் கண்டுக்கவே இல்ல, வேகத்தையும் கொறைக்கல, இன்னும் சத்தமாச் சண்டைக்கு வந்தாங்க. ஜெர்மன் வந்துருச்சுன்னு ஊட்டுக்குள்ள வந்து பெருமையாச் சொன்னேன், ஊட்டுக்காரம்மா வெளக்கமாத்தக் கையில குடுத்தாங்க.

எதிராளி நமக்காக எறங்கி வராம, நம்மள ஒரு ஆளா மதிச்சு சண்டை போட்டா மொழி தெரியும்னு சொல்லிக்கலாமுங்க. எழுதப் படிக்கறதெல்லாம் அப்பறம். கோயமுத்தூர்ல ஊட்டுக்குள்ள தெலுங்கோ கன்னடமோ பேசற சனம் எத்தன பேரு, எழுதுன்னா ஒரு எழுத்து வராது, அவங்களுக்கு அந்த மொழி தெரியாதுன்னு சொல்லுவீங்களா? திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கு ஒடிசாவுல இருந்தும் பீகார்ல இருந்தும் வந்த பசங்க காதர்பேட்டையில நின்னு தமிழ்ல வெலையக் கொறைக்கறாங்க, சம்பளத்துல கை வெச்சா தமிழ்லயே மல்லுக்கு நிக்கறாங்க. அவங்களுக்கு எந்த ஊரு சர்டிபிகேட்?

இங்க நம்மாளுங்க ரெண்டு ரகமுங்க. பெர்லின் பக்கம் ஒரு கூட்டம், பத்து வருசமா இங்கிலீஷ்லயே ஓட்டிப்போட்டு, ஜெர்மனெல்லாம் எதுக்குப்பா, மேனேஜ் பண்ணிக்கலாம்னு புதுசா வர்ற பசங்களுக்குப் போதிக்கறாங்க, லெட்டர் வந்தா மட்டும் போட்டோ எடுத்து நமக்கு அனுப்பி என்ன போட்டிருக்குதுன்னு கேப்பாங்க. இன்னொரு கூட்டம் மொழி கத்துக்குடுக்கற டுவோலிங்கோ ஆப்புல பச்சை ஆந்தை கை தட்டுச்சுன்னா லிங்க்ட்இன்ல 'ஃப்ளூயன்ட்'னு போட்டுக்குவாங்க. ஜெர்மன் நெம்பக் கஷ்டம்னு பயமுறுத்தறவங்களையும் நம்பாதீங்க, வாக்கியம் நீண்டா வினைச்சொல்லு கடைசிக்குப் போயிருதுன்னு வெள்ளைக்காரங்க பொலம்புவாங்க, நம்ம பேச்சே அப்படித்தானுங்களே.

சிவியில பி1, பாஸ் பண்ணுன வருசம், அவ்ளோதான் போடுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். எங்க கம்பெனியில ஈரோட்டுப் பையன் ஒருத்தன் ஃப்ளூயன்ட்னு போட்டு வந்தான், அதனால ஆரும் அவனுக்கு மெதுவாப் பேசல, மீட்டிங் பூராத் தலையாட்டுனான், சனிக்கெழமை மிசின் ஓட்ட நான் வர்றேன்னு ஒத்துக்கிட்டது திங்கக்கெழமைதான் அவனுக்கே தெரிஞ்சுது. தலையாட்டாதீங்க சாமி. வெளங்கல, இன்னொருக்கா சொல்லுங்கன்னு ஜெர்மன்ல கேக்கறதுக்குக் கூச்சப்படாதீங்க, நான் இன்னைக்கும் கேக்கறேன். நம்பரை மட்டும் அங்கயே பழகீருங்க, கோபி பஸ் ஸ்டாண்டுல நின்னு வர்ற போற பஸ் நம்பரையெல்லாம் வாய்விட்டு ஜெர்மன்ல சொல்லிப் பாருங்க, ஆரு பாத்தா என்ன.