ஸ்பானிய மொழி தெரியாமல் சர்சுவேலா நாடகம் பார்த்தால் புரியுமா?

பாட்டு மனதில் நிற்கும், ஆனால் சிரிப்பு முழுக்கக் கைநழுவிப் போகும். கதையைப் படித்துவிட்டுப் போங்கள்.

வேலைக்காக மாட்ரிட் வந்த முதல் ஆகஸ்ட் மாதம், திறந்தவெளி மேடை ஒன்றில் 'லா வெர்பேனா தே லா பலோமா' பார்த்தேன். சுற்றிலும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதற்கு என்று எனக்கு விளங்கவே இல்லை. மறு வருஷம் வசனப் புத்தகத்தை அகராதியோடு உட்கார்ந்து படித்துவிட்டு மறுபடி போனேன். அதே நாடகமா இது என்றிருந்தது.

சர்சுவேலா என்பது பேச்சும் பாட்டும் மாறி மாறி வரும் ஸ்பானிய இசை நாடகம். நான் பார்த்த 'லா வெர்பேனா தே லா பலோமா' 1894 பிப்ரவரியில் மாட்ரிட் அப்போலோ தியேட்டரில் அரங்கேறியது. வசனம் ரிக்கார்தோ தே லா வேகா, இசை தோமாஸ் பிரெத்தோன். அப்போது அங்கே ஒரு மணி நேர நாடகங்கள்தான் ஓடின. ஒரே இரவில் நாலு ஆட்டம், ஒவ்வொன்றுக்கும் தனி டிக்கெட். கையில் காசு குறைவாக இருப்பவரும் ஒரு ஆட்டம் பார்க்கலாம். மேடையில் பேசுவதும் அவர்கள் தெருப்பேச்சுதான்.

கதை நடப்பது பலோமா மாதா திருவிழா இரவில், ஒரே புழுக்கம். மருந்துக்கடைக் கிழவர் தோன் இலாரியோன் வாசலில் உட்கார்ந்து நண்பரிடம், விளக்கெண்ணெய்கூட இப்போது மாத்திரையாக வருகிறது என்று பாடுகிறார். விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டது என்று நண்பர் பதிலுக்குப் பாடுகிறார். அந்த வரி இன்றைக்கும் ஸ்பெயினில் பேச்சுவழக்கில் இருக்கிறது. கிழவருக்கு ஒரே சமயத்தில் காஸ்தா, சுசானா என்ற அக்கா தங்கை இருவர் மேலும் ஆசை. சுசானாவைக் காதலிக்கும் ஹூலியான் அச்சுக்கோர்க்கும் தொழிலாளி. ஏழைக்கும் மனசு உண்டு என்று பொருமுகிறான்.

நாடகத்தின் உயிர் அவனிடம்தான் இருக்கிறது என்பேன். பல குழுக்கள் கிழவரின் கோணங்கித்தனத்திலேயே நேரத்தைப் போக்கிவிட்டு, இவனையும் கேலிக்குரியவனாக ஆக்கிவிடுகிறார்கள். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை.

கிழவர் கையைக் கோத்துக்கொண்டு திருவிழாவுக்குக் கிளம்பும் சுசானாவை ஹூலியான் மறிக்கும் இடத்தைப் பாருங்கள். அவள் தோளில் மணிலா சால்வை. சீனத்தில் பூவேலை செய்து மணிலா வழியாகக் கப்பலில் வந்த பட்டு. ஓரமெல்லாம் நீளமான குஞ்சம். "இந்தச் சால்வையைப் போர்த்திக்கிட்டு எங்க போற?" என்று பாட்டாகக் கேட்கிறான். ஹபனேரா என்ற கியூபா நடனத் தாளம், மெதுவாக ஆடி ஆடி வரும். நான் கெஞ்சிக் கூப்பிட்டும் ஏன் வரவில்லை என்கிறான். "நீ என்னைப் படுத்தின பாட்டுக்கு மருந்துக்கடையில செலவு பண்ணப் போறேன்" என்கிறாள். பக்கத்தில் நிற்பவரே மருந்துக்கடைக்காரர் அல்லவா, கூட்டம் சிரிப்பில் அதிர்ந்துவிடுகிறது. அதே நொடியில் ஹூலியான் முகத்தைப் பார்த்தால் நமக்குச் சிரிக்க வராது. இந்த ஒரு பதிலுக்காகவே அகராதியைப் புரட்டலாம்.

கடைசியில் இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள், அது அவசர அவசரமாக முடிகிற பகுதி. நான் இரண்டாம் முறை பார்த்தபோது ஹூலியானாக நடித்தவர் அந்தச் சால்வைக் கேள்வியைக் கத்தாமல், கெஞ்சுவது போலவே பாடினார். பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்ந்த பிறகும் சால்வைக் குஞ்சத்தில் நாலு நூல் அவர் விரலிடுக்கில் இருந்தது.